நீங்க எந்த சமாஜ்?

ஊர் சுற்றிவிட்டு வீடியோ போடுகிறவர்கள் தவறாமல் ஒரு வரி சொல்வார்கள்: "இந்த ஊர் ஜனங்க ரொம்ப அன்பானவங்க." நாங்களும் ஓர் ஊருக்குப் போய் வந்தோம். அந்த ஊர் ஜனங்களும் அன்பானவர்கள்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு எங்கள் மேல் எப்படி விழுந்தது, எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவர் மேல் ஏன் விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த வரியை எழுத எங்களால் முடியவில்லை. வந்து பல மாதம் ஆகியும் இதை எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

ஊரின் பெயர் ராம்தேவ்ரா. நம் பக்கம் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பொக்ரான் என்றால் தெரியும், 1974இலும் 1998இலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அந்தப் பொக்ரான். அதற்கு வடக்கே சுமார் 12 கிலோமீட்டரில், ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குள் இருக்கிற கோயில் ஊர் இது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகிற ரயில் பாதையில் வருகிறது. வழியில் பலோதி என்று ஒரு ஊர். 2016 மே மாதம் 51 டிகிரி வெயில் அடித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

நாங்கள் நான்கு பேர், எல்லோரும் திருத்தணி தாலுகா. மாலை நேரப் படிப்பு மையம் நடத்துவது, இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைவது, வன்கொடுமை வழக்கு என்றால் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போவது என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஜோத்பூரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய பயிற்சி ஒன்று, பிப்ரவரி மாதம். அது முடிந்து ஊர் திரும்பும் ரயிலுக்கு இரண்டு நாள் இடைவெளி இருந்தது. பயிற்சியில் பழக்கமான ராஜஸ்தான் தோழர் ஒருவர், "கோட்டை, அரண்மனையெல்லாம் எதுக்கு? ராம்தேவ்ரா போய்ப் பாருங்க. அங்கே நம்ம பொண்ணு ஒருத்தி சாமிக்குப் பக்கத்துலயே இருக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பினோம்.

பாலைவனம் என்றதும் சினிமாவில் வருகிற மணல் குன்றுகளை எதிர்பார்த்தோம். அப்படி இல்லை. தட்டையான பூமி, பொடிக்கல், ஆங்காங்கே முள்மரம். ரயில் ஜன்னல் வழியே பார்த்தால் பாதி இடங்களில் நம் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்தும் இது விடவில்லையே என்று சிரித்துக்கொண்டோம்.

காலையில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை. நான்கு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு விழிப்பதைப் பார்த்துக் கடைக்காரரே கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும், பெரிய தலைப்பாகை. எங்களில் ஒருவன் ஒரகடம் கம்பெனி ஒன்றில் வடமாநிலத் தோழர்களோடு மூன்று வருடம் ஷிப்ட் பார்த்தவன். அவன் இந்திதான் எங்கள் நால்வருக்கும் மூலதனம். "மதராஸ்" என்று சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தங்கை மகன் சௌகார்பேட்டையில் பாத்திரக் கடையில் இருக்கிறானாம். ரஜினிகாந்த் சௌக்கியமா என்று கேட்டார். ராமேஸ்வரம் எங்கள் ஊருக்குப் பக்கமா என்று கேட்டார். எங்களோடு வந்த தோழிக்கு வெயில் படாமல் பெஞ்சைத் தூக்கி நிழலில் போட்டார். இஞ்சி தட்டிப் போட்ட டீ, இரண்டு ரவுண்டு. காசு கொடுத்தால் கையைத் தள்ளிவிட்டார். தண்ணீர் கேட்டதும் மண்பானையிலிருந்து நீளக் காம்பு வைத்த கரண்டியால் மொண்டு, சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவ்வளவு குளிர்ச்சியான தண்ணீர்.

ஊரைச் சுற்றிக் காட்ட ஜீப் ஒன்றையும் அவரே ஏற்பாடு செய்தார். தூரத்தில் நின்றவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "நம்ம ஆளுதான், ஏமாத்த மாட்டான்" என்றார். எங்கள் வயதுதான் இருக்கும் ஜீப்காரருக்கு. அவருக்கும் டீ கொடுத்தார். எல்லோருக்கும் பேப்பர் கப்தான், அதனால் டீயில் ஒன்றும் தெரியவில்லை. குடித்து முடித்து அவர் தண்ணீர் கேட்டார். கடைக்காரர் அதே பானை, அதே கரண்டி. ஆனால் டம்ளரை எடுக்கவில்லை. ஜீப்காரர் கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். கரண்டி அவர் கைக்கு ஒரு முழம் மேலே நின்றது. தண்ணீர் விழுந்தது.

இரண்டு பேருமே அதைப் பற்றி எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஊற்றியபடியே கடைக்காரர் எங்களிடம் சென்னை மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்தபோது எங்கள் கையில் சில்வர் டம்ளர் இருந்தது. நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(2), 17ஆம் பிரிவுகளைப் பற்றி முந்தின நாள்வரை உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் நாங்கள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினோம்.

ஜீப் ஓடத் தொடங்கியதும் அவர் கேட்டார்: "எந்த தர்மசாலா? நீங்க எந்த சமாஜ்?"

ராம்தேவ்ராவில் தங்குமிடங்கள் பலவும் சாதிவாரியானவை. ஒவ்வொரு சாதியும் தன் ஆட்கள் வந்தால் தங்கத் தனித்தனியே தர்மசாலை கட்டி, வாசலில் பெயர் எழுதி வைத்திருக்கிறது. நம் கோயில் ஊர்களில் சாதி மடங்கள், சத்திரங்கள் இருக்கின்றனவே, அதே ஏற்பாடுதான். அவர் கேட்டதில் எந்த உள்நோக்கமும் இல்லை. எங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவது என்று தெரிந்தால்தான் வண்டியைத் திருப்ப முடியும். உதவி செய்ய வேண்டுமென்றால் சாதி தெரிந்தாக வேண்டும். இப்படி ஒரு கட்டாயத்தோடு அந்தக் கேள்வி எங்கள் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

ஏனென்றால் நம் ஊரில் அது வேறு மாதிரி வரும். திருத்தணியில் வாடகைக்கு வீடு தேடியபோது எங்களில் ஒருவரிடம் வீட்டுக்கார அம்மா தமிழில் ஆரம்பித்து, தெலுங்குக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தார். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது, இரண்டு மொழியும் எல்லோர் நாக்கிலும் உண்டு. சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, கறி சமைப்பீர்களா என்று காபி கொடுத்துக்கொண்டே கேட்டார். கடைசிவரை சாதி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, "சொந்தக்காரங்க வர்றாங்கப்பா" என்று போன் செய்தார். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி மீட்ட வடக்கெல்லை பற்றி மேடையில் பேசும்போது எங்களுக்கும் பெருமைதான். அதே சமயம் எல்லைக் கோடு எந்தப் பக்கம் நகர்ந்தபோதும் சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது என்பதும் நினைவுக்கு வரும்.

ஜீப்பில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்தி தெரிந்தவன், "மதராஸி" என்றான். "மதராஸிக்கு இங்க தர்மசாலா இல்லையே" என்று அவர் சிரித்தார். "பாமணா? பனியாவா?"

அப்போது எங்களுக்கு அண்ணல் ஞாபகம் வந்தது. அப்படி வராமல் இருக்குமா? 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்த தோழர்களுக்குத் தெரியும். 1901இல் சிறுவன் பீமராவ், அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு வந்து விசாரிக்கிறார். பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். மகர் என்று பிள்ளை வாய்தவறிச் சொன்ன நொடியில் அந்த முகம் மாறுகிறது. பிறகு எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வருகிறான். சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கும்போது முஸ்லிம் என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிச் சொல்லியும் தண்ணீர் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காரில் பயணம் போனால் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ள, விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு கையேடே போட்டார். நமக்கு அப்படி ஒரு புத்தகம் இருந்ததில்லை. நம் ஆட்கள் சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊருக்கு மட்டும்தான் பயணம் போனார்கள்.

தோழிதான் வாயைத் திறந்தாள். இந்தி தெரியாதவள். "ஜெய் பீம்" என்றாள்.

ஜீப் நின்றது. அவர் திரும்பி எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன் தலைக்கு மேலே கண்ணாடியை ஒட்டி மடித்து வைத்திருந்த வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார். வண்டி முன்னால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குதிரை மேல் பாபா ராம்தேவ் படம் ஒட்டியிருந்தது. மறைப்புக்கு உள்பக்கம், நீலக் கோட்டுப் போட்ட பாபாசாகேப் இருந்தார். "மேக்வால்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மறைப்பை மறுபடி மேலே மடித்துவிட்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு தர்மசாலைக்கு வழி கேட்க வேண்டி வரவில்லை.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராம்தேவ், தன்வர் ராஜபுத்திரக் குடும்பத்தில் பிறந்தவர் என்கிறார்கள். 14, 15ஆம் நூற்றாண்டுக்காரர். இந்துக்களுக்கு பாபா, முஸ்லிம்களுக்கு ராம்சா பீர். அவர் சமாதிக்கு மேல் இப்போதுள்ள கோயிலை 1931இல் கட்டியவர் பிகானேர் மகாராஜா கங்கா சிங். பாத்ரபத மாதத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் நடந்தே வருகிறார்கள், நம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மாதிரி. அதில் மேக்வால் மக்கள் ஏராளம். டோமினிக் சிலா கான் என்ற ஆய்வாளர் இந்த ராம்தேவ் வழிபாட்டை இஸ்மாயிலி முஸ்லிம் மரபோடு தொடர்புபடுத்தி 1997இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் தேடிப் படிக்கலாம்.

சமாதிக்குப் பக்கத்தில்தான் டாலிபாயின் சமாதி. ராஜஸ்தான் தோழர் சொன்ன 'நம்ம பொண்ணு' அவள்தான். மேக்வால் குலத்துப் பெண். ராம்தேவ் தங்கையாக ஏற்று வளர்த்தார் என்றும், அவருக்கு முன்பே அவள் சமாதியானாள் என்றும் கதை. அவளுடைய வளையல் என்று ஒரு கல் வளையம் இருக்கிறது. அதற்குள் உடம்பை நுழைத்து வெளியே வந்தால் நோய் போகும் என்று எல்லாச் சாதியாரும் வரிசையில் நின்று நுழைகிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றோம். எங்கள் ஊர் மலையில் முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் வேடர் வீட்டில் வளர்ந்த வள்ளி. 365 படி ஏறி எல்லோரும் அவளைக் கும்பிடுகிறார்கள். கீழே இறங்கியதும் குறவர் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ராம்தேவ்ராவில் நேர்த்திக்கடனாகத் துணியால் செய்த குதிரை பொம்மைகளைச் செலுத்துவது வழக்கம். மேக்வால் மக்களும் தலையில் சுமந்து வந்து செலுத்துகிறார்கள். அதே மாநிலத்தில் தலித் மாப்பிள்ளை கல்யாணத்தன்று உயிருள்ள குதிரையில் ஏறி ஊர்வலம் போகப் போலீஸ் பாதுகாப்பு கேட்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் ஜீப்காரர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஊரிலிருந்து தள்ளி, ஏழெட்டு வீடுகள். வாசலில் மழைத் தண்ணீரைச் சேமிக்கிற தரைத் தொட்டி, 'டாங்கா' என்கிறார்கள். பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். அவருடைய அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். முதலில் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த எங்கள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. நின்றார்.

நாங்கள் குடிக்கிறோமா என்று பார்க்கிறார் என்பது சட்டென்று புரிந்தது. மகன் 'நம்மவங்க' என்று சொல்லியிருப்பார்தான். இருந்தாலும் பேன்ட் சட்டை, கையில் கேமரா போன். அந்த அம்மாவின் அனுபவத்தில் அப்படி வந்தவர்கள் செம்பைத் தொடாமல் 'இப்பத்தான் குடிச்சோம்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் போல. செம்பு காலியாகும்வரை நான்கு பேரும் குடித்தோம். அதற்கப்புறம்தான் அவர் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எங்கள் கால் எவ்வளவு வலிக்கும், இவ்வளவு தூரம் ரயிலில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், இந்தப் பெண்ணைத் தனியாக அனுப்ப இவள் அம்மா எப்படிச் சம்மதித்தாள் என்று கேள்விமேல் கேள்வி. மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எங்கள் ஆளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சாப்பாடு கம்பு ரொட்டி. மோரில் கரைத்துக் காய்ச்சிய கம்பங்கூழ், அங்கே 'ராப்' என்கிறார்கள். ஆடி மாதம் எங்கள் காலனி மாரியம்மனுக்கு ஊற்றுகிற கூழை வாயில் வைத்த மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள காய்ந்த நெற்று மாதிரி ஒரு காய் வறுவல். 'சாங்க்ரி' என்றார். எந்த மரம் என்று கேட்டோம். கேஜ்ரி என்று வாசலில் நின்ற மரத்தைக் காட்டினார். டார்ச் அடித்து இலையைப் பார்த்தால், நம் வன்னி மரம்! நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சம் என்று வேலி போட்டு மஞ்சள் கயிறு கட்டி வைத்திருக்கிறோமே, அதன் காயைப் பறித்துக் காயவைத்துக் குழம்பும் வறுவலும் செய்து பஞ்சத்தையே தாண்டியிருக்கிறார்கள் இந்த ஜனங்கள்.

அன்று இரவு தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். காலை டீக்கடையில் பார்த்ததை நாங்களாக எடுக்கவில்லை, கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார். "அந்த ஆள் நல்லவர்தான். எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ரெண்டாயிரம் கொடுத்தார், திருப்பிக் கேக்கவே இல்ல. தண்ணி மட்டும் அப்படித்தான் ஊத்துவார்." 2022 ஆகஸ்டில் ஜாலோர் மாவட்டம் சுராணா கிராமத்தில் ஒன்பது வயது தலித் மாணவன் ஆசிரியர் அடித்ததில் இறந்துபோன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பானையைத் தொட்டதற்காக அடித்தார் என்று குடும்பத்தார் குற்றம்சாட்டினார்கள். அதைச் சொல்லிவிட்டு, "பெரியார் ஊர்ல இதெல்லாம் இருக்காதுல்ல?" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சியில் யாரோ பெரியாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதே 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்ததைச் சொன்னோம். எங்கள் சொந்த மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி பக்கம் தோக்கமூரில், தீண்டாமைச் சுவரை 2022 அக்டோபரில்தான் இடித்தார்கள் என்பதையும், 2020 சுதந்திர தினத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவரான தலித் பெண்மணியைக் கொடியேற்ற விடவில்லை, பிறகு கலெக்டர் வந்து நின்றுதான் ஏற்ற வைத்தார் என்பதையும் சொன்னோம். அந்த அம்மா மகனிடம் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டு எங்கள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார்.

இனி மறுநாள் நாங்கள் செய்த காரியம். எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை.

ரயிலுக்கு அதே ஸ்டேஷன், அதே டீக்கடை. கடைக்காரர் அதே மலர்ந்த முகத்தோடு வரவேற்று, ராமேஸ்வரத்துக்கு ஒருநாள் வருவேன் என்றார். ராத்திரியெல்லாம் எங்களுக்கு அந்த டம்ளர் உறுத்தியிருந்தது. தண்ணீர் ஊற்றி டம்ளரை நீட்டியபோது எங்களில் ஒருவன் அதை வாங்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிந்து, இரண்டு கையையும் குவித்துக் காட்டினான். மற்ற மூவரும் பின்னாலேயே போய் நின்றோம். அப்போது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. மகாத் குளத்து ஞாபகமெல்லாம் வந்துவிட்டது.

கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை, சிரித்தார். பிறகு ஜீப்காரரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கோபப்படவும் இல்லை. கரண்டியைப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு உள்ளே போய் வேறு வேலை பார்க்கத் தொடங்கினார். நாங்கள் கை குவித்தபடி சில நொடி நின்றுவிட்டு இறக்கினோம்.

ஜீப்காரர் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று பிளாட்பாரத்துக்கு நடந்தார். அங்கே போய்த்தான் பேசினார், குரலை உயர்த்தாமல். "நீங்க இன்னும் அரை மணியில ரயில் ஏறிடுவீங்க. நான் நாளைக்குக் காலையில இதே கடை முன்னாலதான் வண்டிய நிறுத்தணும். எனக்கு சவாரி புடிச்சுக் கொடுக்கறவர் அவர். அவரோட எப்ப, எப்படிச் சண்டை போடணும்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாததற்குக் காரணம், இதே வார்த்தையை நாங்களே வேறு ஒருவரிடம் சொன்னவர்கள். சில வருடம் முன்பு எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நகரத்திலிருந்து உண்மை அறியும் குழு என்று வேனில் வந்து, டீக்கடை வாசலில் நின்று ஆவேசமாகப் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதம் காலனிப் பெண்களுக்கு விவசாயக் கூலி வேலை கொடுக்க யாரும் இல்லை. எல்லாச் சமாதானத்துக்கும் நாங்கள்தான் அலைந்தோம். அந்தக் குழுவைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சில்லை.

சமூகவியல் படித்தவர்களுக்கு எம்.என். சீனிவாஸின் ராம்புரா தெரியும். 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து, குறிப்புகளைத் தீயில் இழந்து, நினைவிலிருந்து எழுதி 1976இல் வெளியான புத்தகம். ஊர் ஜனங்களின் அன்பும் நகைச்சுவையும் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்த அன்பை அவர் எந்தத் தெருவில் உட்கார்ந்து பார்த்தார் என்று வகுப்பில் நாங்கள் கேள்வி எழுப்பியதுண்டு, மேல்சாதித் திண்ணையிலிருந்து பார்த்த ஊர் என்று கட்டுரையும் எழுதி மார்க் வாங்கினோம். ராம்தேவ்ராவில் அதே திண்ணையில்தான் முதல் நாள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் அதிலிருந்து குதித்து இறங்கியதும், இறங்கினவர்களுக்கு அடிபடாத உயரம் என்று தெரிந்துதான்.

ரயில் வந்தது. மன்னிப்புக் கேட்டோம். அவர் தோளைத் தட்டினார், மன்னித்தாரா என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே ஒரு துணிப்பையை உள்ளே போட்டார். அம்மா கொடுத்தனுப்பிய சாங்க்ரி, காய்ந்தது, ஒரு கிலோ இருக்கும்.

ஊருக்கு வந்து அதைக் குழம்பு வைத்தோம். எங்கள் வீட்டு அம்மாக்கள் முதலில் தொடவே இல்லை. வன்னிக் காயை யாராவது தின்பார்களா, கோயில் மரம் என்றார்கள். பிறகு புளி கொஞ்சம் கூட்டி, காரம் போட்டுச் சாப்பிட்டார்கள். நாங்கள் பழையபடி வேலைக்குப் போனோம். இருளர் குடியிருப்பில் விண்ணப்பம் பூர்த்தி செய்ய உட்கார்ந்தபோது முதல் கேள்வியாக எங்கள் வாயில் வந்தது, "நீங்க என்ன ஆளுங்கம்மா?" அது தெரியாமல் விண்ணப்பம் நகராது, வருடக்கணக்காகக் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அந்த அம்மா பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததைக் கவனித்தோம். இதற்கு முன் கவனித்திருக்கிறோமா என்று நினைவில்லை.

ஜூன் கடைசியில் ஜீப்காரர் போன் செய்தார். டீக்கடைக்காரர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். அப்புறம் ஒரு நாள் சவாரி ஒன்றைக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். தண்ணீர் எப்படி ஊற்றுகிறார் என்று நாங்கள் கேட்டோம். "நான் இப்ப பாட்டில் கொண்டு போறேன்" என்றார். அது வெற்றியா தோல்வியா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

போன் செய்த விஷயம் அது இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் வரப்போகிறார், போகும் வழியில் எங்கள் ஊர் மலைக் கோயிலையும் பார்க்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் பற்றிச் சொல்லியிருந்தோம், பூக்காவடி பார்க்க அம்மாவுக்கு ஆசையாம். எங்கே தங்குவது, உங்கள் ஊரில் எந்த தர்மசாலை என்று கேட்டார். தர்மசாலையெல்லாம் வேண்டாம், வீடு இருக்கிறது, ஒரே ரூம்தான், மாடியில் படுத்துக்கொள்ளலாம் என்றோம். சந்தோஷப்பட்டார்.

"அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க" என்றார். "கோயிலுக்குப் போற வழியில எங்கயாவது தண்ணி கேட்டா, உங்க ஊர்ல என்ன கேப்பாங்க?"

"கிருத்திகை அன்னைக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வழி நெடுக தண்ணிப் பந்தல் இருக்கும்."

"மத்த நாள்ல?"

"எந்த ஊருன்னு கேப்பாங்க."

"ராஜஸ்தான்னு சொல்லிடுவோம். அப்புறம்?"

எங்கள் இந்திக்காரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தான். நாங்கள் அவனைப் பார்த்தோம்.

"அதோட விட்டுடுவாங்க" என்றான் போனில். "எங்ககிட்டதான் எந்தத் தெருன்னு கேப்பாங்க."

அந்தப் பக்கம் அவர் அதை அம்மாவுக்கு மார்வாடியில் சொன்னார். அம்மா சிரிப்பது கேட்டது.